அந்த மரத்தடியில் நில் என்று நான்தான் சொன்னேன்

ஆறு வாரம் ஆகிறது. இப்போதுதான் இதை எழுதக் கை வருகிறது.

மே மாதம், ஒரு வியாழக்கிழமை. மாலை ஐந்தரை மணி இருக்கும். தில்லியில் ஆந்தி வந்தது.

ஆந்தி என்றால் புழுதிப் புயல். கோடையில் இங்கே அடிக்கடி வரும். வானம் முதலில் மஞ்சளாகும், பிறகு காவியாகும், அப்புறம் யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி இருண்டுவிடும். பால்கனியில் காயும் துணியெல்லாம் பக்கத்து பிளாக்குக்குக் குடிபோகும். எல்லாம் ஒரு பத்து நிமிஷம். பிறகு நாலு தூறல், சில்லென்று காற்று... எங்கள் பேட்டையான மயூர் விஹார் மொத்தமும் சந்தோஷமாக பகோடா போட ஆரம்பித்துவிடும்.

ஆனால் அந்தப் பத்து நிமிஷம் என் பெண் வெளியே இருந்தாள்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என்னைப் பற்றித் தெரியும். மெட்ரோவில் ஏறினாயா, உட்கார இடம் கிடைத்ததா, இறங்கிவிட்டாயா என்று ஒரு பயணத்துக்கு மூன்று போன் போடுகிறவன் நான். அதை ஒருமுறை பெருமையாக எழுதி, வாங்கிக் கட்டிக்கொண்டேன். ‘சார், அந்தப் பெண்ணைக் கொஞ்சம் மூச்சுவிட விடுங்கள்’ என்று ஒரு வாசகி கடிதமே போட்டிருந்தார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அக்கறை வேறு, தொந்தரவு வேறு இல்லையா?

பெண்ணின் பெயர் மீரா. இருபது வயது. ஆர்க்கிடெக்சர் மூன்றாம் வருஷம். தில்லியில் பிறந்தவள். தமிழில் ஆரம்பிப்பாள், நடுவில் ஹிந்தி வழியாகப் போவாள், ஆங்கிலத்தில் போய் இறங்குவாள்.

அன்றைக்கும் போன் போட்டேன்.

“மீரா, எங்கம்மா இருக்கே?”

“கேட் கிட்டே வந்துட்டேன்ப்பா. பஸ், தோ மினிட்.” இன்னும் இரண்டே நிமிஷமாம்.

“காத்து பயங்கரமா அடிக்குது. நடக்காதே. கேட் பக்கத்துல நம்ம பில்கன் மரம் இருக்குல்ல, அதுக்கு அடியில நில்லு. நான் குடை எடுத்துட்டு வரேன்.”

“ஆந்தியில குடையா? அரே, அப்பா... ப்ளீஸ்!”

“சொன்னாக் கேளு. மரத்தடியில நில்லு!”

“அச்சா, அச்சா.”

லைன் கட்டாகிவிட்டது. நான் குடையைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

மரம் விழும் சத்தத்தைப் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறீர்களா? ‘தடால்’ எல்லாம் இல்லை. முதலில் கித்தான் துணியைக் கிழிப்பதுபோல் ஒரு நீளமான சத்தம். அப்புறம் ஒரு விநாடி ஒன்றுமே இல்லை. அதற்கப்புறம்தான் தரை அதிர்ந்தது. மூன்றாவது மாடியில் எங்கள் சமையலறைத் தட்டுகள் கிடுகிடுத்தன.

எப்படிப் படி இறங்கினேன் என்று தெரியாது. கையில் குடை இருந்தது மட்டும் ஞாபகம்.

பில்கன் மரத்தை தில்லிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்... ஆலமரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. நிழலென்றால் அப்படி ஒரு நிழல். எங்கள் சொசைட்டி, அதாவது இந்த அடுக்குமாடிக் குடியிருப்பு, கட்டுவதற்கு முன்பிருந்தே அங்கே நிற்கிற மரம். அது இப்போது கேட்டை அடைத்துக்கொண்டு படுத்திருந்தது. அதனடியில் எங்கள் செக்ரட்டரி சோப்ராஜியின் வெள்ளைக் கார், பாதி காராக இருந்தது. மற்ற இடமெல்லாம் இலை... இலை... இலை.

நான் அந்த இலைக் குவியலைப் பார்த்து, “மீரா! மீரா!” என்று கத்தினேன். கிளைகளை விலக்கிக்கொண்டு உள்ளே புகுந்தேன். என் வாழ்க்கையிலேயே நீளமான அரை நிமிஷம் அது. அதை இதற்கு மேல் எழுத முடியவில்லை. மன்னியுங்கள்.

“அப்பா! யே க்யா? நான் இங்கே இருக்கேன்!”

பின்னாலிருந்து குரல் வந்தது.

மாடிப்படிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். தலையெல்லாம் புழுதி. தோளில் டிராயிங் ரோல் அப்படியே இருந்தது. முகம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

கட்டிக்கொண்டு அழுதேன். ஐம்பத்து நாலு வயதில், காலனியே பார்க்க, குடையும் கையுமாக.

“நீ மரத்தடியில நிக்கலையா?”

“இல்லைப்பா. நேரா வந்துட்டேன். பின்னாடிதான் விழுந்துச்சு.”

“ஏம்மா நிக்கலை?”

“நீங்க நில்லுன்னு சொன்னீங்கள்ல... அதனால நிக்கலை.”

அவளும் அழுதுகொண்டேதான் சொன்னாள். ஆனால் உண்மையைத்தான் சொன்னாள். ஒரு ‘அச்சா’ என்றால் சரி என்று அர்த்தம். சேர்ந்தாற்போல் இரண்டு ‘அச்சா’ என்றால் செய்யப்போவதில்லை என்று அர்த்தம். இருபது வருஷமாக வீட்டில் இருப்பவனுக்கு இதுகூடவா தெரியாமல் போயிற்று?

என் பெண் என் பேச்சைக் கேட்பதே இல்லை என்று இந்தப் பக்கத்தில் எத்தனை முறை புலம்பியிருக்கிறேன்... அத்தனையும் வாபஸ்!

சோப்ராஜி வந்தார். எங்களைப் பார்த்தார். என் தோளில் கை வைத்து, “பச்சீ டீக் ஹை ந? பஸ். காடீ கா க்யா ஹை” என்றார். குழந்தை நன்றாக இருக்கிறதல்லவா, கார் போனால் போகிறது என்று. பெரிய மனசு. அதற்குப் பிறகுதான் திரும்பிக் காரைச் சரியாகப் பார்த்தார். “ஹாய் ரப்பா!” என்று அவர் போட்ட சத்தம் மெட்ரோ ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும்.

அதன்பின் எனக்கு மரம் என்றாலே ஆகவில்லை.

எங்கள் வளாகத்தில் இன்னும் ஏழு மரங்கள் இருந்தன. நாலு வேம்பு, இரண்டு நாவல், பின் கேட் பக்கம் இன்னொரு பில்கன். இருபது வருஷமாக அவற்றின் நிழலில் நடந்தவன், இப்போது அவற்றைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். கிளை அசைந்தால் அண்ணாந்து பார்த்தேன். மீரா கல்லூரிக்குக் கிளம்பினால் பால்கனியில் நின்று, “இடது பக்கம் போ, வேப்பமரம்... இப்ப வலது பக்கம்!” என்று டிராபிக் போலீஸ் வேலை பார்த்தேன்.

என் மனைவி சாந்தாமணி பொள்ளாச்சிக்காரி. முப்பது வருஷ தில்லிக்குப் பிறகும் அவள் தமிழில் ஒரு ‘ங்க’ குறையவில்லை.

“ஏனுங்க, சித்தெ கம்முனு இருக்க மாட்டீங்களா? புள்ள பயந்துக்கப் போறா.”

“உனக்கு பயமா இல்லையா?”

“இருக்குதுங்க. அதுக்காக ரோட்டுல போறவங்க சிரிக்கிற மாதிரி கத்தோணுமா?”

சனிக்கிழமை உட்கார்ந்து ஒரு தீர்மானம் எழுதினேன். மத்திய அரசு அலுவலகத்தில் முப்பது வருஷமாகக் குறிப்பெழுதி, வரைவெழுதித் தலை நரைத்தவன் நான். சொசைட்டியில் எந்தக் கடிதமென்றாலும், எந்தத் தீர்மானமென்றாலும் என்னிடம்தான் வரும். ‘நடராஜன் ஜி எழுதினா காற்புள்ளியைக்கூட யாரும் நகர்த்த முடியாது’ என்பார் சோப்ராஜி. அன்றைய வரைவு இதுதான்: குடியிருப்போர் உயிருக்கு அபாயமாக நிற்கும் ஏழு மரங்களையும் அகற்ற அனுமதி கோரி வனத்துறைக்கு விண்ணப்பிப்பது. முன்மொழிபவர் நான். வழிமொழிபவர், வேறு யார்... சோப்ராஜி.

மீரா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள்.

“ஏழுமா?”

“ஏழும்தான்.”

“இதெல்லாம் என்னப்பா பண்ணுச்சு?”

“விழுந்த மரம் மட்டும் என்ன பண்ணுச்சு? புதன்கிழமை வரைக்கும் அதுவும் சும்மாதானே நின்னுச்சு?”

மீரா என் கையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு போனாள்.

விழுந்த மரத்தை அறுக்க மாநகராட்சி ஆட்கள் அன்றுதான் வந்திருந்தார்கள். கிளைகளெல்லாம் போய், அடிமரமும் வேரும் மட்டும் மல்லாந்து கிடந்தன. வியாழக்கிழமைக்குப் பிறகு நான் அதன் பக்கமே போகவில்லை. இப்போதுதான் பார்த்தேன்.

அவ்வளவு பெரிய மரத்துக்கு எவ்வளவு பெரிய வேர் இருக்கவேண்டும்? பாதி வளாகத்துக்காவது ஓடியிருக்க வேண்டாமா? அங்கே இருந்தது... பூந்தொட்டியைக் கவிழ்த்துப் பிடுங்கிய செடியின் வேர். அதே மாதிரி, தொட்டியின் வடிவத்தில் சுருண்டு, தன்னைத்தானே சுற்றிக்கொண்டு ஒரு மூட்டை. ஒரு பக்கம் கருத்து, ஈரப் பஞ்சு போல உளுத்திருந்தது. அடிமரத்தைச் சுற்றி சிவப்பும் சாம்பலுமாக சிமென்ட் டைல்ஸ் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. சட்டைக்காலரில் கடைசி பட்டனையும் போட்டு இறுக்கியதுபோல.

ரம்பத்தை ஓய்வாகப் பிடித்துக்கொண்டு நின்றவருக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். நான், “ஆந்தி எப்படி அடித்தது பார்த்தீர்களா!” என்றேன்.

அவர் ஹிந்தியில் சொன்னது தமிழில் இப்படி வரும்: “பாபுஜி, பாவம் ஆந்தியைத் திட்டாதீங்க. அது கடைசியா ஒரு தள்ளு தள்ளிச்சு, அவ்வளவுதான். கழுத்தை நெரிச்ச ஆள் வேற.”

“எந்த ஆள்?”

அவர் செருப்பு நுனியால் டைல்ஸைத் தட்டிக் காட்டினார். “இதை இங்கே போடச் சொன்ன புத்திசாலி யாரோ, அந்த ஆள்.”

எனக்கு ஒரு பழைய தீர்மானம் ஞாபகம் வந்தது.

நான் வீட்டுக்குப் போகவில்லை. நேராக சொசைட்டி அலுவலகத்துக்குப் போனேன். அலமாரியிலிருந்து பழைய தீர்மானப் புத்தகத்தை எடுத்தேன். பதினோரு வருஷத்துக்கு முந்தைய பக்கம். என் கையெழுத்து, என் ஆங்கிலம். தமிழில் சொன்னால்: ‘வளாகம் முழுவதும், அனைத்து மரங்களின் அடிமரம் வரை, இடைவெளி ஏதுமின்றி டைல்ஸ் பதிப்பது.’

‘இடைவெளி ஏதுமின்றி’. அந்த இரண்டு வார்த்தை என்னுடையது. கமிட்டியில் வேறு யாரும் கேட்கவில்லை.

ஏன் எழுதினேன்? மீராவுக்கு அப்போது ஒன்பது வயது. மழை நாளில் அதே பில்கன் மரத்தடிச் சேற்றில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டுப் போட்டு வந்த அன்றைக்கே பேனாவை எடுத்துவிட்டேன். இந்த வளாகத்தில் இனி மண்ணே இருக்கக் கூடாது! சேறு கூடாது, பூச்சி கூடாது, கொசு கூடாது, குழந்தை வழுக்கக் கூடாது.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன்... முடியவில்லை. டைல்ஸ் போட்டவர் முதலில் ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் கொஞ்சம் மண் விட்டுத்தான் போட்டிருந்தார். நான் தீர்மானத்தின் நகலை எடுத்துக்கொண்டு கீழே போனேன். “ஸாப், பேட் கோ ஸாஸ் தோ லேனே தோ” என்றார் அவர். மரத்தை மூச்சுவிடவாவது விடுங்கள் என்று. நான் அந்த இரண்டு வார்த்தையின் மேல் விரலை வைத்து, “படிச்சீங்களா?” என்று கேட்டேன். பக்கத்திலேயே நின்று, எட்டு மரத்துக்கும் அடைக்க வைத்தேன்.

என் பெண் தலைமேல் விழப் பார்த்த மரத்தைப் பதினோரு வருஷம் முன்பே தள்ளிவிட்டவன் நான். அவளைப் பாதுகாப்பதற்காக!

மீரா பின்னாலேயே வந்து படித்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். இன்னொரு முறை படித்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தாள்.

“அப்பா, ஒரு சென்டிமீட்டர்கூட விடலையே நீங்க! டைப்பிக்கல்!”

“சிரிக்காதேம்மா...”

“இல்லைப்பா, சீரியஸா சொல்றேன். நாங்க காலேஜ்ல ஒரு பழைய கும்பத், டோம் வச்ச கட்டடம், மெஷர் பண்ணினோம்ல? யாரோட சமாதின்னுகூட யாருக்கும் தெரியாது. ஆனா அது பக்கத்துல ஒரு செங்கல் வைக்கணும்னா எத்தனை பர்மிஷன்! மரத்தோட கழுத்து வரைக்கும் சிமென்ட் வைக்க உங்க ஒரு சைன் போதுமா?”

யோசித்துப் பாருங்கள். தில்லியில் நடுரோட்டில் ஒரு குவிமாடம் நிற்கும். அதில் யார் படுத்திருக்கிறார்கள் என்று அந்த வழியாகப் போகிற யாருக்கும் தெரியாது. இருந்தாலும் ரோடு அதற்காக வளைந்து போகும், பஸ் வளைந்து போகும், அமைச்சர் காரும் வளைந்துதான் போகும். எவ்வளவு வேகமாக வளர்கிற ஊர்! ஆனாலும் என்றைக்கோ செத்துப்போனவர்களுக்கு ஒதுங்கி வழிவிடத் தெரிந்த ஊர். உயிரோடு நிற்கிறதற்கு ஒரு சாண் மண் விட எனக்குத் தெரியவில்லை. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டராவது மண் விடவேண்டும் என்று இங்கே விதியே இருக்கிறதாம். விதிகளைக் கரைத்துக் குடித்தவன் என்று பெயர் வாங்கிய எனக்கு, இது மட்டும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பொதுக்குழு. கீழ்த்தளத்துப் பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலி, சமோசா, சாயா. எல்லோரும் மரம் வெட்டும் மனநிலையில் வந்திருந்தார்கள். வெட்டத் தீர்மானம் போட்ட நானே எழுந்து நின்றேன்.

“நான் என் தீர்மானத்தைத் திரும்பப் பெறுகிறேன்.”

“க்யா?” சோப்ராஜி சமோசாவைக் கீழே வைத்துவிட்டார்.

பழைய புத்தகத்தைத் திறந்து படித்தேன். என் இரண்டு வார்த்தைகளையும் படித்தேன். டைல்ஸ்காரர் சொன்னதையும், நான் விரல் வைத்துக் காட்டியதையும் சொன்னேன். மரம் விழுந்ததற்குக் காரணம் நான்தான் என்று சொன்னேன்.

பிறகு சோப்ராஜி மெதுவாகக் கேட்டார். “அதாவது நடராஜன் ஜி... என் காரை நசுக்கியது நீங்கள்?”

“ஆமாம்.”

“பதினோரு வருஷம் முன்னாடியே பிளான் பண்ணி?”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். ஆனால் விடவில்லை. யார் தப்பாக இருந்தாலும் சரி, மீதி மரமும் அதே டைல்ஸில்தானே நிற்கிறது, அதுவும் விழும், வெட்டித்தான் ஆகவேண்டும் என்றார். நியாயமான கேள்வி. நான் ஆக்சிஜன் என்றேன், பறவை என்றேன், வருங்காலத் தலைமுறை என்றேன். ஒருவர் கொட்டாவி விட்டார். இரண்டு பேர் போனைப் பார்த்தார்கள். ஓட்டெடுப்புக்குப் போனால் ஏழு மரமும் காலி என்பது தெளிவாகத் தெரிந்தது.

அப்போது பின்வரிசையிலிருந்து சாந்தாமணி எழுந்தாள். அவளுடைய ஹிந்தி பொள்ளாச்சி வழியாகத்தான் வரும். ஆனால் தயங்காமல் வரும்.

“சோப்ராஜி, ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுங்களா? ஏழு மரத்தையும் வெட்டிட்டு, நீங்க வாங்கப்போற புதுக் காரை ஜூன் மாசம் எந்த நிழல்ல நிறுத்துவீங்க?”

தில்லி ஜூன் மாதத்தில், வெயிலில் நின்ற காரின் ஸ்டியரிங்கைத் தொட்டிருக்கிறீர்களா? அங்கிருந்த எல்லோரும் தொட்டிருந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார்கள்.

மரத்துக்காகப் பேசினால் மரம் பிழைப்பதில்லை. பார்க்கிங்குக்காகப் பேசினால் பிழைத்துவிடுகிறது. எந்த வழியில் பிழைத்தால் என்ன, பிழைத்தால் சரி!

ஆனால் ஒரு சிக்கல். மரத்தைச் சுற்றி மண் விட்டால் மூன்று பார்க்கிங் இடம் போகும். மயூர் விஹாரில் ரத்த தானம் கேளுங்கள், கொடுப்பார்கள். பார்க்கிங் கேட்டுப் பாருங்கள்! யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள்” என்றேன்.

சாந்தாமணி திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் பாராட்டும் இருந்தது, வீட்டுக்கு வாங்க பேசிக்கலாம் என்பதும் இருந்தது. ஒரு நிமிஷம் கழித்து முதல் மாடியில் குடியிருக்கும் டாக்டர் கை தூக்கினார். மூன்றாவதாக... சோப்ராஜி. “இப்போதைக்கு எனக்குக் காரே இல்லையே” என்றார். இப்படித்தான் அந்தப் பெரிய மனசு மறுபடி வெளியே வந்தது.

மாநகராட்சித் தோட்டக்கலைப் பிரிவிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்து, ஒவ்வொரு மரத்தையும் தட்டிப் பார்த்தார், குத்திப் பார்த்தார், அண்ணாந்து பார்த்தார். நான் அவர் பின்னாலேயே, ஸ்கேன் ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பவன்போல் நடந்தேன். ஒரு வேம்பு தப்பவில்லை. உள்ளே உளுத்து வெறும் கூடாகியிருந்தது. அதை முறைப்படி அனுமதி வாங்கி எடுக்கவேண்டும் என்றார். மற்ற ஆறும் நிற்கும். நாவலில் கொஞ்சம் பாரம் குறைக்கவேண்டும், டைல்ஸை உடனே எடுக்கவேண்டும், அவ்வளவுதான்.

“நிச்சயமா நிற்குமா?” என்று மூன்று முறை கேட்டேன்.

“நீங்க அப்பாவா, கமிட்டி மெம்பரா?” என்றார்.

“இரண்டும்.”

“அதான்” என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே எழுதினார்.

டைல்ஸ் உடைத்த ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே... அப்படி ஒரு நாளை இந்தச் சொசைட்டி ஹோலிக்குக்கூடப் பார்த்ததில்லை. மாநகராட்சி ஆட்கள் வேர் அடிபடாமல் எடுப்பது எப்படி என்று காட்டிவிட்டு, ஓரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். கடப்பாரை, சுத்தியல், திருப்புளி, ஒரு வீட்டிலிருந்து தோசைக் கரண்டிகூட வந்தது. சோப்ராஜி பனியனோடு இறங்கினார். ஒவ்வொரு அடிக்கும், “யே மேரீ காடீ கே லியே!” இது என் காருக்காக, இதுவும் என் காருக்காக... அன்றைக்கு அவரளவு யாரும் உடைக்கவில்லை. மத்தியானம் அவரே ஜிலேபி வாங்கிவந்தார்.

மீரா டேப்பை வைத்து அளந்து, ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் சாக்பீஸால் வட்டம் போட்டாள். நான் உதவிக்குப் போனேன்.

“இந்தப் பக்கம் ஒரு இன்ச் குறையுதே, மீரா?”

“அப்பா! நீங்க பேனாவையும் தொடக்கூடாது, டேப்பையும் தொடக்கூடாது. ஜிலேபி சாப்பிடுங்க.”

டைல்ஸுக்குக் கீழே மண் சாம்பல் நிறத்தில், ஓடு மாதிரி இறுகிக் கிடந்தது. குழந்தைகள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். முதல் வாளி அப்படியே மேலே நின்றது. உள்ளே போகவில்லை. இரண்டாவது வாளியும் நின்றது. நாலாவதோ ஐந்தாவதோ... எங்கோ உள்ளே ‘குபுக்’ என்று ஒரு சத்தம். தண்ணீரில் ஒரு குமிழி வந்து உடைந்தது. அப்புறம் இன்னொன்று. பிறகு வரிசையாகக் குமிழி குமிழியாக வந்துகொண்டே இருந்தது. தண்ணீர் சரசரவென்று இறங்கியது.

“ஸாஸ் லே ரஹா ஹை!” என்று ஒரு சின்னப் பெண் கத்தினாள். மூச்சு விடுகிறதாம்.

முப்பது பேர் நின்று கை தட்டினோம். மண் தண்ணீர் குடிப்பதற்குக் கை தட்டிய கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? சாந்தாமணி என் பக்கத்தில் வந்து, “கண்ணைத் தொடைங்க. எல்லாரும் பாக்குறாங்க” என்றாள். அவளும் துடைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

அன்று மாலை வீட்டில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. மீரா முன்மொழிந்தாள். ‘ஒரு பயணத்துக்கு அப்பாவின் போன் ஒன்றுக்கு மேல் கூடாது, வானிலை காரணமாக விலக்கு கிடையாது.’ சாந்தாமணி வழிமொழிந்தாள். நான் எதிர்த்து வாக்களித்தேன். இரண்டுக்கு ஒன்று. தோற்றேன். வரைவில் ஒரு ஓட்டையாவது இருக்குமா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. என் பெண் அல்லவா!

நேற்று சாயங்காலம் நல்ல காற்று. அதன் பின்னாலேயே மழை. மீரா மெட்ரோவில் இருந்தாள். அன்றைய ஒரு போனைக் காலையிலேயே செலவழித்துவிட்டிருந்தேன். கை போனைத் தொடும், விடும். மறுபடி தொடும். கடைசியில் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கீழே போனேன்.

மூன்றடி மண் வட்டத்துக்குள் மழை விழுந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டுகூடத் தேங்கவில்லை. அத்தனையும் உள்ளே போயிற்று. பின் கேட் பில்கன் காற்றில் நன்றாக ஆடியது. ஆனால் அடிமரம் அசையவில்லை. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மீரா தொப்பலாக நனைந்து வந்தாள். அந்த மரத்துக்கு அடியிலேயே, அந்த மண்ணிலேயே சேறு தெறிக்க நடந்து வந்தாள். அடித்தொண்டை வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

“என்னப்பா, போனே வரலை? உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன்.”

“இங்கே என்ன பண்றீங்க மழையில?”

“சும்மா... மரம் பார்க்க வந்தேன்.”

“அச்சா, அச்சா” என்றாள்.

நான் சொன்னதை அவள் நம்பவில்லை என்பது இந்த முறை எனக்குப் புரிந்துவிட்டது.